எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

போன வாரம் புதுப் போன் வாங்கினேன். பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், மலப்புரத்துக்காரர், திரையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார். "சேச்சி, இங்கிலீஷ் உண்டு, தமிழ் உண்டு. இந்த மூணாவது கீபோர்டு எந்தா? களயட்டே?" அழித்துவிடட்டுமா என்று.

எட்டிப் பார்த்தேன். e என்ற எழுத்துக்குப் பக்கத்தில், அடியில் புள்ளி வைத்த ẹ நின்றது. o-வுக்குப் பக்கத்தில் ọ.

"வேண்டாம், அது கிடக்கட்டும்" என்றேன்.

"சேச்சி ஆப்பிரிக்காவில ஜோலி பார்த்திட்டுண்டோ?"

"இல்ல. இங்க, சலாலாலதான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. வெளியே வந்தபோது, அரபு நாட்டில் இந்த ஊருக்கு மட்டும் வருகிற மழைக்காலத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இளநீர்க் கடைகளுக்குப் பக்கத்தில் பொரித்த மீன் வாசனை. இந்தக் கதையை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வராது, உன்னிடம்தான் வரும். நீ அறியாதது இதில் அதிகமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். நடுவில் கொஞ்சம் ஹிந்தி, டயாலிசிஸுக்கு வரும் வயதான பெண்களிடம் பிடித்துக்கொண்ட கொஞ்சம் அரபு. இப்போது நீ சொன்னது எதை நினைத்தாலும் எனக்கு என் குமரிக் கடற்கரைப் பேச்சில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். கோவித்துக்கொள்ளாதே.

நீ எங்கள் யூனிட்டில் வந்து சேர்ந்த நாளில் எல்லாரும் முதலில் கவனித்தது உன் குரலைத்தான். கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டே நீ தாழ்ந்த குரலில் பாடினால்கூட கடைசி மெஷினுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் நமக்கு ஒரே ரூம் கொடுத்தார்கள். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் நீ பால்கனியில் நின்று உன் அம்மாவுக்குப் போன் போடுவாய். நைஜர் ஆற்றங்கரையில் இருக்கிற உன் ஊருக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச்சா பாட்டா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும். ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும்.

"அது என்ன பாஷை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இகாலா."

"நைஜீரியாவில எல்லாரும் பேசுவாங்களா?"

"எங்க பக்கத்து ஆளுங்க மட்டும். எங்க நர்ஸிங் காலேஜ்லயே பாதிப் பேருக்கு அந்தப் பேரு தெரியாது."

எழுதிக் காட்டச் சொன்னேன். மருந்து அட்டையின் பின்புறம் ஏழு உயிரெழுத்து எழுதினாய். ஆங்கிலத்தில் இருக்கிற ஐந்து; மிச்சம் இரண்டும் அதே e, அதே o, அடியில் புள்ளியோடு. எங்களுக்கும் இரண்டு எ, இரண்டு ஒ உண்டு, குறில் நெடில் என்று நான் பெருமையாகச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். "நீளத்தைச் சொல்லல. வாயைச் சொல்லுகேன். புள்ளி இல்லைன்னா வாய் சின்னது. புள்ளி வெச்சா வாயைத் திறக்கணும்." திறந்து காட்டினாய். நான் எங்கள் க-வையும் க்-கையும் எழுதிக் காட்டினேன். எங்கள் புள்ளி மேலே உட்கார்ந்து உயிரை எடுத்துவிடும், உங்கள் புள்ளி கீழே உட்கார்ந்து வாயைத் திறந்துவிடும் என்பது அன்றைக்கு இருவருக்கும் பெரிய வேடிக்கையாக இருந்தது.

அதோடு முடியவில்லை. awo என்று மொட்டையாக எழுதினாய். "இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு பாப்போம்?" எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொன்னாய். கினிக் கோழி. இன்னொரு விதமாகச் சொன்னால் நட்சத்திரம். இன்னொரு விதமாகச் சொன்னால் கன்னத்தில் விடுகிற அறை. குரலை எங்கே ஏற்றுகிறோம், எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம். எழுத்தின் தலையில் வலது பக்கம் சாய்ந்த கோடு போட்டால் ஏற்றம், இடது பக்கம் சாய்ந்தால் இறக்கம். "ஆனா அதெல்லாம் யாரும் போடமாட்டோம். புள்ளியே பாதிப் பேர் போடுறதில்ல. வாய் இருக்குல்லா, அது பாத்துக்கிடும்" என்றாய்.

எனக்கு அது புரிந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான். என் தம்பி தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். புயல் அடித்த வருஷம் அவன் அனுப்பிய செய்தி: vala ellam pochu. நான் வாழை என்று படித்தேன். வீட்டுக்குப் பின்னால் அம்மா வைத்திருந்த ஏழெட்டு மரம். 'போனா போட்டும், வேற நடலாம்' என்று பதில் போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். அவன் சொன்னது வலை. கடலில் விரித்திருந்த வலை அத்தனையும். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இந்தக் கதையைக் கேட்டு நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். பிறகு எழுந்து உட்கார்ந்து, "வலை கெடைச்சுதா?" என்று கேட்டாய். கிடைக்கவில்லை என்றேன்.

உன் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தது நம் இருவரில் யாருமில்லை, ஒரு நோயாளி. நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மெஷினில் படுத்திருந்த அந்த அம்மாள் கையை நீட்டித் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இது என்ன, ஹபீப்தி?" என்றாள். நாமே நர்ஸுகள். தினம் பக்கத்தில் படுத்து எழுகிறோம். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். தைராய்டு புற்றுநோய் என்றார்கள். மஸ்கட்டில் அறுவை சிகிச்சை. நான் லீவு போட்டுக் கூட வந்தேன். வெளியே வந்த டாக்டர், குரல் நாணுக்குப் போகிற நரம்பைக் கட்டி சுற்றிப் பிடித்திருந்ததாகவும், நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டதாகவும் சொன்னார். உயிருக்கு நல்லது, குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கிசுகிசுப்பாக நீ ஆங்கிலம் பேசினால் புரிந்தது. வேலைக்குத் திரும்பியபோது பழைய நோயாளிகள் "ஸோத் மாஃபி?" என்று கேட்டார்கள். குரல் இல்லையா என்று. நீ "மாஃபி" என்று உதட்டை அசைத்துச் சிரித்தாய். காலஸ், அவ்வளவுதான், அதோடு பழகிவிட்டார்கள். வேலை ஓடியது.

வீட்டுக்குப் போட்ட போன்தான் ஓடவில்லை. முதல் நாள் ஸ்பீக்கரில் போட்டாய். நானும் பக்கத்தில் இருந்தேன். நீ காற்றில் ஏதோ சொன்னாய். அந்தப் பக்கம் அம்மா சத்தமாக ஒன்று கேட்டாள். மறுபடியும் சொன்னாய். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். நீ போனை வைத்துவிட்டாய்.

"என்ன கேட்டாங்க?"

"'யாரு இது, எம் மகள்ட்ட போனைக் குடு'ன்னு கேக்கா."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கிசுகிசுப்பில் ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. எல்லாம் ஒரே மட்டம். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்கும் போதும். உன் மொழிக்குப் போதாது. கோழியும் நட்சத்திரமும் அறையும் ஒரே காற்றாகப் போய்விடும். வீடியோவில் பேசிப் பார்த்தாய். மகளின் முகம் தெரிய, வாயிலிருந்து காற்று மட்டும் வருவதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டாரிடம் ஆங்கிலத்தில் சொல்லி அவளிடம் சொல்லச் சொல்லலாமே என்றேன். நீ என்னை முறைத்தாய். "எங்கம்மாட்ட பேச எடையில ஆளா?"

உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் ஒரே மொழியில். வேதக்கோயிலில் பெண்களுக்கு நடத்திய வகுப்பில், நடுவயதில், இகாலா வேதப்புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டவள். அதனால் செய்தி எழுதி அனுப்பினாய், எல்லாரையும் போல ஆங்கில எழுத்தில், புள்ளியில்லாமல். மறுநாள் அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது. நீ கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாய்: "'இது நம்ம பாஷை மாதிரி இல்ல. உன் போன்ல யாரோ விளையாடுறாங்க'ன்னு சொல்லுகா." அவள் படித்துப் பழகிய பக்கங்களில் புள்ளி இருக்கும். ẹ வர வேண்டிய இடத்தில் புள்ளியில்லாத e வந்தால் அவளுக்கு அது வேறு எழுத்து.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க நாம் கட்டிலில் உட்கார்ந்து போனைக் குடைந்தோம். மொழிப் பட்டியலில் உன் மொழி நம் கண்ணில் படவில்லை. பக்கத்துப் பெரிய மொழியான யொரூபா இருந்தது. அதிலும் அதே புள்ளி, அதே சாய்வுக் கோடுகள். என் போனிலும் போட்டுக்கொண்டேன், நீ எழுதுவதைச் சோதித்துப் பார்க்க. "அடுத்த வீட்டுச் சட்டியில என் கொழம்பு" என்று நீ முணுமுணுத்தாய். ஆனால் முதல் தடவையாக ọma mi என்று சரியாக அடித்து, அம்மா என்னை இப்படித்தான் கூப்பிடுவாள், 'என் பிள்ளை' என்று அர்த்தம் என்று திரையை என் முகத்துக்கு நேராகக் காட்டினாய்.

அடுத்த செய்தியில் ஒரு எழுத்தையும் விடவில்லை. குரல் இல்லாத குறையை எல்லாம் கோட்டில் தீர்த்துக்கொண்டாய். எழுத்துக்கு அடியிலும் தலையிலுமாக ஒரே கூட்டம். அம்மாவிடமிருந்து வந்த பதிலைக் கேட்டு நீ சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாய். "'சர்க்கரையில எறும்பு மொய்ச்ச மாதிரி அனுப்பியிருக்க. எழுத்தைக் காணல'ன்னு சொல்லுகா." அதற்குப் பிறகுதான் உங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. புள்ளி எப்போதும் உண்டு. கோடு, தப்பாகப் படிக்க இடமிருக்கிற சொல்லுக்கு மட்டும். அம்மா செய்தியைப் படித்துவிட்டு, அதை வாய்விட்டு வாசித்துக் குரல்செய்தியாகத் திருப்பி அனுப்புவாள், சரிதானா என்று கேட்க. எங்கேயாவது அவள் குரல் தப்பாக ஏறினால், நீ அந்த ஒரு சொல்லை மட்டும் கோடு போட்டு மறுபடி அனுப்புவாய். அவள் திருத்தி வாசிப்பாள்.

ஒரு நாள் ஏன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாய் என்று கேட்டேன். "நான் பேசினா எப்பிடி இருக்கும்னு இதுல கேக்குல்லா" என்றாய். அதை ஒரு தகவல் போலத்தான் சொன்னாய். நான் துணி மடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் எந்தத் துணியை மடித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. ஸ்கேனைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. நர்ஸாக இருப்பதில் அது ஒரு கஷ்டம், யாரும் நமக்கு மெதுவாகச் சொல்ல முடியாது. டூட்டிக்குப் போவது நின்றது. உன் விரல் நடுங்க ஆரம்பித்தது. திரையில் புள்ளி எழுத்தின் சின்னக் கட்டத்தில் விரல் நிற்காது. செய்திகள் சுருங்கின. 'நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டேன். தூங்கப் போகிறேன்.' அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய்.

பிறகு அந்தப் படம் வந்தது. உன் அம்மா வாசிக்கத்தான் கற்றிருந்தாள், எழுதி நீயே பார்த்ததில்லை. கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதி, யாரையோ கொண்டு படமெடுத்து அனுப்பியிருந்தாள். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. புள்ளிகளை அவ்வளவு அழுத்தியிருந்தாள். நீ படித்து எனக்குச் சொன்னாய். "நீ எழுதுவது குறைந்துகொண்டே வருகிறது. கை நடுங்குகிறதா, மனசு நடுங்குகிறதா? உள்ளதை எழுது. நான் உட்கார்ந்துகொண்டுதான் படிக்கிறேன்."

"இனியும் சொல்லாம இருக்காத மக்ளே" என்றேன்.

"சொல்லலாம். ஆனா எழுதுனா அவ சத்தமா வாசிப்பா. வாசிச்சு அனுப்புவா. அத நான் கேக்கணும்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தாங்காது என்று நீ மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சாகப்போகிறாய் என்பதை உன் அம்மாவின் வாயால், ஏற்றம் இறக்கம் எல்லாம் சரியாக, நீ கேட்க வேண்டியிருக்கும். நான் அடுப்படிக்குப் போனேன். கஞ்சி போட்டுக் கொண்டுவந்தேன். பாதி குடித்தாய். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "போனை எடு. நீ அடி" என்றாய்.

எனக்கு உன் மொழியில் பத்துச் சொல்கூடத் தெரியாது. நீ ஒவ்வொரு எழுத்தாக மூச்சில் சொன்னாய். புள்ளி என்றால் விரலால் மெத்தையை ஒரு தட்டு. ஏற்றம் என்றால் உள்ளங்கையைத் தூக்கினாய், இறக்கம் என்றால் மெத்தையில் வைத்தாய், நடுவில் என்றால் அந்தரத்தில் பிடித்தாய். நான் உன் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து அடித்தேன். ஒரு சொல்லில் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். நீ தலையசைத்து, கையை மறுபடி மெதுவாக இறக்கிக் காட்டினாய். மூச்சு வாங்க இடையிடையே நிறுத்தினாய். ஜன்னலுக்கு வெளியே மலையை மூடியிருந்த மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். பிறகு மறுபடி. முடிந்ததும் என்ன எழுதினேன் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாய். நோய் திரும்பிவிட்டது, மருந்தில்லை, வீட்டுக்கு வருகிறேன், என் கட்டிலை ஜன்னல் பக்கம் போடு.

அனுப்பினோம். பதில் வர அன்று சாயங்காலமாயிற்று. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குரல்செய்தியைப் போட்டாய். சின்னதாக இருந்தது. வழக்கம் போல வாசித்தாள், குரலில் நடுக்கமில்லை. ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது. நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"கடைசி வரியை மட்டும் வாசிக்கா" என்றாய். "'வீட்டுக்கு வர்றேன், என் கட்டிலை ஜன்னல் பக்கம் போடு.' அத மட்டும். மத்ததை மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டேன்னு சொல்லுகா. கோடெல்லாம் சரியா இருந்துச்சாம்."

அதற்குப் பிறகு நீ நிறைய அழுதாய். நானும் அழுதேன். எழுதினால் இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் விசா வேலைகளைச் சுற்றவிடாமல் முடித்துக் கொடுத்தார்கள். துணைக்கு உன் ஊர்ப்பக்கத்து நர்ஸ் ஒருத்தி மஸ்கட்டிலிருந்து கூட வந்தாள். சலாலா விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீ என்னிடம், "தம்பிட்ட தமிழ் எழுத்துல அடிக்கச் சொல்லு, கேட்டியா" என்றாய். போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது! ஆனால் சொன்னேன். இப்போது அவன் தமிழில்தான் அடிக்கிறான், முணுமுணுத்துக்கொண்டே.

வீட்டில் நீ மழைக்காலம் முடியும்வரை இருந்தாய். எனக்கு எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். அம்மா பக்கத்தில் படுக்கிறாள், இப்போது அவளுக்கு என் காற்றே புரிகிறது, காதை என் வாயில் வைத்துக்கொள்கிறாள் என்று எழுதினாய். கோடு போடவேண்டியதில்லை என்று எழுதினாய். பிறகு ஒரு காலையில் உன் போனிலிருந்து குரல்செய்தி வந்தது. உன் அம்மாவின் குரல். ọma mi என்ற சொல் எனக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். முதல் நோயாளிக்கு ஊசி குத்த என் கை வரவில்லை. சார்ஜ் சிஸ்டர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

உன் அம்மா இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் குரல்செய்தி அனுப்புகிறாள். உன் போன்தான் அவளிடம் இருக்கிறது. என்ன சொல்கிறாள் என்று எனக்கு முக்கால்வாசி தெரியாது. யாரிடமும் கொடுத்து அர்த்தம் கேட்கவும் இல்லை. நான் 'நலமாக இருக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று அவள் மொழியில், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி எழுதி அனுப்புகிறேன். அவள் வாசித்து அனுப்புகிறாள். சில சமயம் ஒரு சொல்லை மட்டும் இரண்டு தடவை வாசிக்கிறாள். நான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். திருத்தி அனுப்புகிறேன்.

ஒவ்வொரு செய்தியிலும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிற ஒரு சொல், என் பெயர். இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாரும் செல்வி என்று ஒரே மட்டமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அப்படித்தான். உன் அம்மா 'செல்'லைத் தாழ்வாக வைத்து 'வி'யை மேலே ஏற்றுகிறாள். அவள் என்னை நேரில் பார்த்ததில்லை. பால்கனியில் நின்று நீ என்னைப் பற்றிச் சொன்னபோது, உனக்குக் குரல் இருந்த நாட்களில், கேட்டுப் பிடித்துக்கொண்டது அது. காலையில் டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, ரூமில் ஆளில்லாவிட்டால், நானே ஒரு தடவை வாய்விட்டு அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். தாழ்வு, பிறகு ஏற்றம். சரியாகத்தான் வருகிறது.